பதினெட்டுக் குமிழ்கள்

காலர் அக்கா திருடியது ஒரு குமிழ். இழுப்பறையைப் பிடித்து இழுப்பதற்காக முன்பக்கம் திருகி வைத்திருப்பார்களே, எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்கு, அந்தக் குமிழ். அதுவும் ஒன்றே ஒன்று. கடை வாசலில் காவல்காரர் அவள் பையைத் திறந்தபோது, குடைக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலத்துக்கும் நடுவில் அது பளபளவென்று உட்கார்ந்திருந்தது. இது என்ன சாமான் என்று புரியாமல் காவல்காரரே கொஞ்ச நேரம் முழித்தார்.

அவள் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவள். சட்டைக்குக் காலர் வைப்பது மட்டும் அவள் பொறுப்பு. பத்தொன்பது வருஷத்தில் அவள் வைத்த காலர் எந்தக் கழுத்திலும் கோணிக்கொண்டு நின்றதில்லை. கூடத்திலிருந்து ஒரு நூல்கண்டுகூட அவள் வீட்டுக்கு வந்ததில்லை. அவள் கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். மேலே போகிறவர்கள் பயந்துகொண்டு போவார்கள், கீழே வருகிறவர்களில் சிலர் அழுதுகொண்டு வருவார்கள். யாராக இருந்தாலும் ஒரு சிரிப்போடு கதவைத் திறந்துவிடுவது அவர் வழக்கம். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரைக் கட்டிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அலமாரி பார்க்கப் போயிருந்தார்கள். வாங்கவில்லை என்றாலும் பார்த்து வைக்கலாமே என்று. டை கட்டிய விற்பனையாளன் ஒருவன், தன் கூட்டாளியிடம் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "அவங்கள விட்டுட்டு வாப்பா. வெளிய வெயில் கொளுத்துதுல்ல, ஏசியில நிக்க வந்திருக்காங்க."

லிஃப்ட்காரர் சிரித்தார். "கரெக்டா கண்டுபிடிச்சிட்டீங்களே சார்! ஜில்லுனு இருக்கு சார்!" என்று வேறு சொன்னார். அவன் சிரித்தான், பக்கத்தில் கட்டில் பார்த்துக்கொண்டிருந்த குடும்பமும் சிரித்தது. எல்லோரையும்விடக் கூடுதலாகத் தன் கணவர் சிரிப்பதைக் காலர் அக்கா பார்த்தாள். சீ, இந்த மனுஷனோடயா வந்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய மறுகணமே உடம்பு கூசியது. பார்க்கச் சகியாமல் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றாள். குனிந்து பார்த்தபோது குமிழ் உள்ளங்கையில் இருந்தது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முன்னெல்லாம் இப்படிப்பட்டவர்களை நாலு வார்த்தை திட்டி அனுப்பிவிடுவார்கள். இப்போது அப்படி முடியாது. படித்தவர்கள் கூடிப் பேசி ஒரு கொள்கையைக் கண்டுபிடித்திருந்தார்கள். குற்றம் செய்கிற ஒவ்வொருவரும் செய்வதற்கு முன்னால் உட்கார்ந்து, இதனால் கிடைப்பது எவ்வளவு, மாட்டிக்கொண்டால் படுவது எவ்வளவு என்று எடை போட்டு, கிடைப்பது அதிகம் என்று கண்ட பிறகே கையை நீட்டுகிறார்கள் என்பது அந்தக் கொள்கை. அதை நிரூபிக்க ஒரு வாரியம், வாரியத்துக்கு ஐந்து மாடிக் கட்டடம். பெயர் குற்ற ஆதாய ஆய்வு வாரியம். வாசலில் பெரிய எழுத்தில், 'யாரும் சும்மா திருடுவதில்லை' என்று எழுதியிருந்தது.

வாரியத்தின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. லிஃப்ட்காரர் அதன் கதவைத் தொட்டுப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், கைவிட்ட நோயாளியைப் பார்த்த டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். இருவரும் நாலு மாடி ஏறினார்கள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த எழுத்தர் அம்மாள் ஒன்பதாம் எண் படிவத்தைத் தள்ளினார். ஆதாயம் எத்தனை புள்ளி, அபாயம் எத்தனை புள்ளி, பரிசீலித்த மாற்று வழிகள், முடிவெடுத்த நேரம் என்று நாலு கட்டம். காலர் அக்கா நேர்மையாக நிரப்பினாள். ஆதாயம்: இல்லை. அபாயம்: நூறு. மாற்று வழிகள்: தெரியாது. நேரம்: தெரியாது.

எழுத்தர் அம்மாள் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ஆதாயம் இல்லைங்கிறீங்க. அபாயம் நூறுங்கிறீங்க. அப்படி இருந்தா நீங்க திருடியிருக்கவே மாட்டீங்க."

"திருடிட்டேனேம்மா."

"அதான் இடிக்குது. கணக்குப்படி பாத்தா நீங்க திருடல. ஆனா திருடியிருக்கீங்க. கொள்கை தப்பா இருக்க முடியாது. அதனால நீங்க எழுதினது தப்பு. வேற படிவம் வாங்கிக்குங்க."

"உண்மையத்தான் எழுதினேன்."

"உண்மையை எழுதக் கட்டம் இல்லம்மா. ஆதாயத்த எழுதுங்க. அபாயத்தவிட ஒரு புள்ளியாவது கூட இருக்கணும். இன்னொண்ணு, விசாரணை அன்னைக்கு குடும்பத்துல ஒருத்தர் இந்தப் படிவத்த இயக்குநர் முன்னாடி சத்தமா வாசிச்சு, 'படித்தேன், புரிந்துகொண்டேன்'னு கையெழுத்துப் போடணும்."

"நான் வாசிக்கிறேன் மேடம்," என்றார் லிஃப்ட்காரர் முந்திக்கொண்டு. "எனக்குக் குரல் நல்லா இருக்கும்."

காலர் அக்கா படிவத்தை மடித்தாள். வாரியம் முடிவுச் சான்று கொடுக்காமல் தையல் கூடத்துக்குள் நுழைய முடியாது. முதலாளி ஆறு வாரம் கெடு வைத்திருந்தார். சான்று வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. அதை அந்த நல்ல குரலில் அவரே வாசிக்க வேண்டும்.

காத்திருப்போர் கூடத்தில் பலதரப்பட்டவர்கள் இருந்தார்கள். கல்யாண வீட்டில் மச்சானை அறைந்த ஒருவர், அறைவதற்கு முன் பரிசீலித்த மூன்று மாற்று வழிகளை யோசித்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் காலை நீட்டி, சொந்த வீட்டுக் கூடம் மாதிரி உட்கார்ந்திருந்தவன் பெயர் பூட்டு. பதினான்கு வீடுகளின் பூட்டை உடைத்தவன். வாரியத்தில் அவனுக்குத் தனி மரியாதை. பியூன் டீ கொண்டுவந்து கொடுத்தான்.

"முதல் தடவையாக்கா?" என்றான் பூட்டு. "ஒண்ணும் பயப்படாதீங்க. ஆதாயம் எழுபது, அபாயம் முப்பதுனு போடுங்க. பத்து நிமிஷத்துல அனுப்பிடுவாங்க. நான் ஒவ்வொரு தடவையும் அதான் போடறேன்."

"நெசமாவே நீ எடை போட்டுப் பாத்துதான் உள்ள போவியாப்பா?"

பூட்டு வாய்விட்டுச் சிரித்தான். "எனக்கு அந்தளவுக்குக் கணக்கு வந்தா நான் எதுக்குக்கா பூட்ட உடைக்கிறேன்? இங்கயே ஒரு நாற்காலியப் பிடிச்சு உக்காந்திருப்பேன்."

காலர் அக்காவால் எழுபது என்று எழுத முடியவில்லை. குமிழில் எழுபது எங்கிருந்து வரும்? ஆதாயம் தெரியாது என்று எழுதிக் கொடுத்தாள். அதனால் ஆதாயத்தைத் தேடி வாரியமே அவள் வீட்டுக்கு வந்தது.

வந்தவர் கள ஆய்வாளர். ஒட்டி முத்திரை வைத்த பையில் குமிழோடு வந்தார். குமிழ் இல்லாத இழுப்பறை ஏதாவது வீட்டில் இருந்தே தீர வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. சமையலறையில் அப்படி ஒன்று இருந்தது. கைப்பிடி போன இடத்தில் காலர் துணியில் ஒரு வளையம் தைத்து மாட்டியிருந்தாள். ஆய்வாளர் முகம் மலர்ந்தது. ஆனால் குமிழின் திருகு அந்த ஓட்டைக்குள் போகவில்லை. ஜன்னல் கதவில் வைத்துப் பார்த்தார். துணி வைக்கும் பெட்டியில் வைத்துப் பார்த்தார்.

லிஃப்ட்காரர் அவருக்கு மேல் மும்முரமாக இருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. "சார், இந்தப் பானை மூடியப் பாருங்க சார். இதுல ஒரு ஓட்டை இருக்கு." பொருந்தவில்லை. "அப்ப தையல் மெஷின் டிராயரு? இதுக்குத்தான் சார் எடுத்திருப்பா, நிச்சயமா." அதுவும் பொருந்தவில்லை. கட்டில் கால், சுவர்க் கடிகாரம், வாளி என்று அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார். இவருக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று காலர் அக்காவுக்குப் புரியவில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் வாசலில் கூடி நின்று, ஓர் அதிகாரி குமிழை வாளியில் வைத்து அழுத்துவதை வேடிக்கை பார்த்தார்கள். அவள் சமையலறைச் சுவரோடு சுவராக ஒண்டி நின்றாள்.

'ஆதாயம் மறைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் செயல்முறை அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு பொய்க்கடை போட்டிருந்தார்கள்: ஓர் அலமாரி, இரண்டு விளக்கு, விற்பனையாளனாக நடிக்க டை கட்டிய ஒரு பியூன். பயிற்சிக்கு வந்த இளம் அதிகாரிகள் எட்டுப் பேர் நோட்டுப் புத்தகத்தோடு சுற்றி நின்றார்கள்.

"திரும்பத் திருடுங்கம்மா," என்றார் பயிற்சி அலுவலர். "நாங்க அளந்து பாத்துட்டோம். பதினொரு சுத்து சுத்தினாத்தான் குமிழ் கையில வரும். ஒவ்வொரு சுத்துக்கும் என்ன முடிவெடுத்தீங்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க."

காலர் அக்கா குமிழைப் பிடித்தாள்.

"முதல் சுத்து. என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணும் நினைக்கலீங்க."

"'நிறுத்தி நிதானித்தல்'னு எழுதிக்குங்க," என்றார் அலுவலர் பயிற்சியாளர்களிடம். எட்டுப் பேனாவும் ஓடின. "நாலாவது சுத்து?"

"அழுகை வந்துச்சு."

"'கவனத்தைத் திசைதிருப்பும் உத்தி.' ஏழாவது?"

அவள் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். பியூன் தன் பங்குக்கு, "வாங்க மேடம், வாங்க மேடம்," என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கடையில் ஒருவன் இப்படிக் கூப்பிட்டிருந்தால் என்று நினைத்துக்கொண்டாள். பதினோராவது சுற்றில் குமிழ் கையோடு வந்தது. பயிற்சியாளர்கள் கைதட்டினார்கள். அவள் அதைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறாவது வாரம் விசாரணை. லிஃப்ட்காரர் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வாசிப்பதற்காகக் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார். கூடத்தில் உட்கார்ந்து காலர் அக்கா கையிலிருந்த கடைசிப் படிவத்தை எடுத்தாள். ஆதாயக் கட்டத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள்: 'கடைக்காரன் கேலி பேசினான். என் கணவர் சிரித்தார். அவரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கை என்ன செய்கிறது என்று தெரியவில்லை.'

எழுதி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கிய மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஜன்னலோரம் நின்று, சுவரில் ஒட்டியிருந்த ஏதோ ஓர் அறிவிப்பை மெல்லிய குரலில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்று பார்த்துப் பார்த்து.

அவள் எழுந்து போய்ப் படிவத்தைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"இது அஞ்சாவது படிவம்மா," என்று கடிந்துகொண்டே எழுத்தர் அம்மாள் இன்னொன்றை நீட்டினார்.

இயக்குநரின் அறையில் தரைவிரிப்பில் கணுக்கால் வரை கால் புதைந்தது. இயக்குநர் பருத்த, இனிமையான மனிதர். படிவத்தை வாசிப்பதற்கு முன் சிறிது பேசுவது அவர் வழக்கம்.

"அம்மா, உங்களை யாரும் கெட்டவங்கன்னு சொல்லல. இங்க நல்லவன் கெட்டவன்னு யாரும் கிடையாது. எல்லாரும் எடை போடறவங்க. ஏன், நானும்தான். நான் தினமும் பதினோரு மணிக்குத்தான் ஆபீசுக்கு வர்றேன். ஏன்? தாமதமா வந்தா யார் கேக்கணும்? நான்தான் கேக்கணும். நான் என்னைக் கேப்பனா? அபாயம் பூஜ்யம். இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் போட்டது என் மச்சான் கம்பெனி. மூணு நாள் ஓடிச்சு. ஆதாயம் தொண்ணூறு, அபாயம் பூஜ்யம். இதையெல்லாம் குற்றம்னு சொல்வீங்களா? சொல்ல முடியாது. எங்க கொள்கைப்படி அபாயமே இல்லாத இடத்துல குற்றம் இல்ல. அதுக்குப் பேரு நிர்வாகம்."

பக்கத்தில் அமர்ந்திருந்த இரண்டு அதிகாரிகளும் குறித்துக்கொண்டார்கள்.

"ஆனா நீங்க," என்று இயக்குநரின் குரல் தழுதழுத்தது, "ஆதாயமே இல்லாம அபாயத்துக்குள்ள போயிருக்கீங்கன்னு ரிப்போர்ட் சொல்லுது. நான் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலம்மா. மனுஷங்க இப்படியெல்லாம் செய்ய ஆரம்பிச்சா இந்த வாரியத்துல இருநூத்தி நாப்பது பேர் எங்க போவாங்க? தயவுசெஞ்சு யோசிச்சு எழுதியிருக்கீங்கன்னு நம்பறேன். வாசிங்க."

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"'அந்த அலமாரியில் ஒன்பது இழுப்பறைகள். இழுப்பறைக்கு இரண்டு வீதம் பதினெட்டுக் குமிழ்கள். ஒரே நாளில் எடுத்தால் தெரிந்துவிடும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று வீதம் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பதினெட்டையும் எடுத்து விற்றுவிடத் திட்டமிட்டேன்.'"

அவர் குரல் ஓர் இடத்தில் தட்டுப்பட்டது. கண்ணாடிக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். அவள் தரைவிரிப்பின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டுக்குப் பதினெட்டுக் காலர் என்று பத்தொன்பது வருஷமாகத் தைத்தவளுக்கு அந்த எண்ணிக்கை தானாக வந்திருந்தது. அவர் தொடர்ந்து வாசித்தார்.

"'விற்பனையாளர்கள் பேச்சு மும்முரத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து எடுப்பது. பையில் பிஸ்கட் பொட்டலத்துக்கு அடியில் வைப்பது. கணவரைத் துணைக்கு அழைத்துப் போனால் சந்தேகம் வராது. அவருக்கு எதுவும் தெரியாது. மாற்று வழி: வேறு கடை. தூரம் அதிகமென்று கைவிட்டேன். ஆதாயம் எண்பத்தி இரண்டு. அபாயம் பதினெட்டு என்று நினைத்தேன். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்பது தெரியாமல் போனது. படித்தேன். புரிந்துகொண்டேன்.'"

கடைசி இரண்டு வார்த்தைகளும் கேட்கவே இல்லை.

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பாத்தீங்களா! பாத்தீங்களா! விவரம் பத்தாமப் போச்சே தவிர, மூளை கச்சிதமா வேலை செஞ்சிருக்கு! பதினெட்டு ஞாயித்துக்கெழமை! அம்மா, இத நீங்க முதல் நாளே சொல்லியிருந்தா பானை மூடியெல்லாம் பாத்திருக்க வேணாமே!"

அதிகாரிகள் கைகுலுக்கினார்கள். அவளை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பயிற்சிக் கூடத்தில் மாட்டுவார்களாம். திட்டமிடுதல் பற்றி ஒரு நாள் வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். முடிவுச் சான்றில் 'முதல் தரம்' என்று முத்திரை விழுந்தது. தண்டனை ஆதாயத்தைவிட ஒன்றாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பதினெட்டுக் குமிழுக்குப் பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை வாரியத்தின் மாடிப்படிகளை அவள் துடைக்க வேண்டும். லிஃப்ட் ஓடாததால் படிகள் சீக்கிரம் அழுக்காகின்றனவாம்.

வெளியே வந்து இரண்டு தெரு வரைக்கும் லிஃப்ட்காரர் சான்றிதழைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். காலர் அக்கா நாலடி பின்னால் வந்தாள். அவர் முதுகைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. திருடியின் புருஷன் என்று அந்த முதுகில் எழுதியிருப்பது போலத் தோன்றியது.

மூடியிருந்த ஒரு கடையின் முன்னால் அவர் நின்றார்.

"பதினெட்டுமா?"

"ம்."

"நெசமாவா?"

"எழுதினதத்தானே வாசிச்சீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். அவள் திடுக்கிட்டுக் கிட்டே போனாள். "என்னங்க..."

"ஒண்ணுமில்லம்மா. தப்பா நினைக்காத. எனக்கு இப்பத்தான் மூச்சே வருது." அவர் சுருட்டிய சான்றிதழால் தொடையில் தட்டிக்கொண்டார். "அன்னைக்கு அந்தப் பையன் ஏதோ சொன்னதுக்கு நான் பல்லக் காட்டினேன் பாரு. சட்டுனு உன் மூஞ்சியப் பாத்தேன். என்னால கூசிப் போய் நிக்கிறியோன்னு தோணிச்சு. அந்த வேகத்துலதான் நீ எதையோ பிடுங்கிட்டியோன்னு நினைச்சேன். ஆறு வாரமா லிஃப்ட்ல ஒருத்தரப் பாத்தும் சிரிக்க வரல, தெரியுமா? அந்த ஆளு வீட்டுக்கு வந்தப்ப, கடவுளே, இது எதுலயாவது பொருந்தித் தொலைக்கட்டும், வேற காரணமா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டு வாளிய எல்லாம் தூக்கிட்டு வந்தேன்."

காலர் அக்கா முந்தானை நுனியைத் திருகினாள்.

"அது இல்லல்ல?" என்றார் அவர். கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"எது?"

"என்னப் பாத்துக் கூசினது."

"சேச்சே. நீங்க சிரிச்சத யாரு பாத்தா? எனக்குக் கண்ணெல்லாம் அலமாரி மேல."

"ஆசைதானா?"

"பேராசை."

"கழுத!" என்றார் அவர். "பதினெட்டு வேணுமாம்ல, பதினெட்டு!" ஆறு வாரத்துக்கு அப்புறம் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு சான்றிதழைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு அவள் வலது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "இனிமே உன்னக் கடைத்தெருப் பக்கம் சும்மா விடக்கூடாது. வா."

இருபத்திரண்டு வருஷத்தில் தெருவில் அவர் அவள் கையைப் பிடித்ததில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். சைக்கிளில் போனவன் மணி அடித்துவிட்டுப் போனான். காலர் அக்காவுக்குக் காது மடல் வரை சுட்டது, தலை தானாகக் குனிந்துகொண்டது. கையை மட்டும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை.